சுருளிப்பட்டியில் அடுப்பு எரியாத மதியம்

காலை 10.40. சுருளிப்பட்டியில் நான் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. மகள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் சற்று முன்புதான் இறந்திருந்தார்.

"இனி எடுக்குற வரைக்கும் இந்தத் தெருவுல அடுப்பு எரியாதுக்கா. சாப்பாட்டைக் கம்பத்துல பாத்துக்கங்க" என்றார் ஆட்டோக்காரர், இருபது ரூபாயை வாங்கிக்கொண்டே.

மதுரையில் ஆறு மணிக்குப் பஸ் ஏறியவள் நான். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து கம்பம் நாற்பது. சின்னமனூர் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் தொடங்கியும் அவற்றில் மனம் செல்லவில்லை. என் மகள் கயல், சென்னை வேலையை விட்டுவிட்டு, எட்டு மாதமாக இங்கே தோட்டத்தோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பயணிகள் தங்கும் வீடாக நடத்தப் பார்க்கிறாள். இன்றுதான் முதல் விருந்தினர்கள். கோவையிலிருந்து ஆறு பேர், மதியச் சாப்பாட்டுக்கு. "இது சரிப்படலைன்னா வீட்டுக்கே வந்துடுறேன்" என்று அவளே சொல்லியிருந்தாள். சரிப்படாமல் போனால் நல்லதென்று நான் பாதி மனதோடு நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அடுக்களையில் களைந்த அரிசி அப்படியே இருந்தது. குழம்புக்காக விடியற்காலையிலேயே அவித்த பத்து முட்டைகள் ஆறிக் கிடந்தன. வேறெதுவும் இல்லை.

"எப்ப எடுப்பாங்க?"

"நாலு மணி ஆகும்மா."

"கதவைச் சாத்திட்டு கேஸ்ல வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?" லைட்டரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"சோறு வேகுற வாசம் சுவரைத் தாண்டாதா? அங்கன ஒரு வீடே அழுதுக்கிட்டு இருக்கு" என்று லைட்டரை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

மதுரையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒருவர் இறந்தது, மறுநாள் லிஃப்ட்டில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முந்தின இரவு நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"பார்சலாவது வாங்கலாமே?"

"வீட்டுச் சாப்பாடுன்னு வரச் சொல்லிட்டு பார்சலா? சும்மா இரும்மா."

கூடையோடு தோட்டத்துக்குப் போனாள். வெள்ளரிப் பிஞ்சு, தக்காளி, முள்ளங்கி, நான்கு கேரட், கொத்தமல்லி. பாசிப்பருப்பை ஊறப்போட்டாள். முட்டையை நான்காக வகுந்து தனியே வைத்தாள். முட்டை கூடாதோ என்று நான் இழுத்தேன். "கேட்டுட்டேன். பங்காளிகளுக்குத்தான் தீட்டாம். நமக்கு அடுப்பு மட்டும்தான்."

நறுக்கியதில் நான் அவசரமாக உப்பைத் தூவிவிட்டேன். கால் மணி நேரத்தில் வெள்ளரி தண்ணீர் விட்டிருந்தது. அவள் திட்டவில்லை. தண்ணீரை வடித்து மோரில் ஊற்றிக் கலக்கினாள். எலுமிச்சை பிழிந்து, மிளகை நுணுக்கிப் போட்டு, ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டு, கடைசியில் ஒரு கைப்பிடி பன்னீர்த் திராட்சையும் சேர்த்தாள்.

"அளவு என்ன?"

"இன்னைக்குத் தோட்டத்துல என்ன இருக்கோ அதுதான் அளவு."

1.10க்கு வந்தார்கள். பந்தலடியில் இலை போட்டோம். வயதில் மூத்தவர் இலையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, சோறு இல்லீங்களா?" என்றார். கயல் எதிர்வீட்டைக் காட்டி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர், "எங்கூர்லயும் முன்னெல்லாம் இப்படித்தானுங்க" என்று உட்கார்ந்தார். ஒருவருக்கு முட்டை வேண்டாம். அவர் இலையில் வறுத்த கடலை விழுந்தது. வெங்காயம் கேட்டவருக்கு வெங்காயம். ஆறு இலையும் ஆறு விதம். மூத்தவர் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினார். "சோத்தை மறந்தே போயிட்டனுங்க."

அருவிக்குக் கிளம்பியவர்கள், இரவும் இங்கேயே தங்குவதாகச் சொல்லிப் பைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அவளைக் கூட்டிப்போக வந்த நான் தனியாகப் பஸ் ஏறுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளைப் போல இருபத்தாறு வயதில் எனக்கு இந்த நிதானம் இருந்ததில்லை. ஐம்பதைத் தாண்டியும் இல்லை.

4.20க்குப் பின்வாசலில் எதிர்வீட்டு மருமகள் வந்து நின்றாள், தலைக்கு ஊற்றிய ஈரம் சொட்ட. இத்தனை மாதத்தில் கயலிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"எடுத்தாச்சு ஆத்தா. இனி அடுப்பப் பத்த வையி" என்றவள் போகாமல் நின்றாள். "எங்க அத்தை காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. மதியம் பந்தலடியில போட்டியே, அத முட்டையில்லாம ஒரு தட்டு கலந்து குடு. நீ குடுத்தா திம்பாக."