ரசம் என்று எழுதிய மனு

2023 செப்டெம்பர் 4: 118.
2023 ஒக்டோபர் 9: 94.
2023 டிசம்பர் 11: 61.
2024 மார்ச் 4: 38.

இவை கனகேஸ்வரியின் ஒரு லீற்றர் இரத்தத்தில் இருந்த பாதரசம், மைக்ரோகிராம் கணக்கில். பத்தைத் தாண்டக்கூடாது. இந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவருடைய கணவர் சிவபாதசுந்தரம் வெள்ளிதோறும் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறார். அங்கே அவள் மருந்து வாங்கிய நாட்டுமருந்துக் கடையின் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று, மூன்றாம் தட்டிலுள்ள பற்பப் பொடி டப்பாக்களை விரல் நீட்டி எண்ணுகிறார்.

“திரும்பவும் வந்திட்டீங்களா, அங்கிள்? வாங்கிறதெண்டா வாங்குங்க,” என்கிறார் கடைக்காரர் பேர்னாட்.

“வாங்க வரேல்லை. போன கிழமை பதினொண்டு இருந்தது. இண்டைக்கு ஏழு. நாலு பேர் விழுங்கத் துடங்கீட்டினம்.”

“அது சுத்தி செஞ்ச ரசம். நானூறு வருஷமாக் குடுக்கிற மருந்து.”

“வெள்ளைக்காரனும் குடுத்தவன். மேகநோய்க்கு உடம்பெல்லாம் ரசத்தைப் பூசி, வாயால எச்சில் ஊத்தினா நோய் வெளியேறுதெண்டு சந்தோசப்பட்டவன். பல்லுக் கொட்டி, தாடை அழுகி, ஆக்கள் செத்த பிறகு விட்டிட்டான். நீர் எப்ப விடப்போறீர்?”

“சுத்தி செஞ்சா ஒண்டும் செய்யாது, அங்கிள்.”

“அப்ப என்ர மனுசியின்ர ரத்தத்தில இருந்தது என்ன, முல்லைப்பூவோ?”

வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.

முப்பத்துநான்கு வருடம் இரத்மலானையில் வானிலை அவதானிப்பாளராக இருந்து, மூன்று மணிக்கொருமுறை பாதரசக் காற்றழுத்தமானியை வாசித்தவர் அவர். ஒருநாள் குழாய் உடைந்து ரசம் தரையில் உருண்டபோது, எல்லோரையும் வெளியேற்றி, யன்னல்களைத் திறந்து, கையுறை போட்டு ஒவ்வொரு துளியாகப் பொறுக்கினார்கள். அப்படிப்பட்டவரின் வீட்டில், தோலில் உரியும் படைக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, மனைவி அதையே ஏழு மாதம் தேனில் குழைத்து நக்கியிருக்கிறார். சிறுநீரகம் பழுதாகிக் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைச் சிவபாதசுந்தரம் வாசித்தார். கோபத்தில் பாதி தன்மேலேயே.

அந்தப் பற்பத்தைக் கடைகளிலிருந்து அகற்ற வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். நட்டஈடு கேட்கவில்லை. முதல் மனுவை எழுதும்போது டப்பாவில் உள்ள சொல்லை உள்ளபடியே எழுதினார்: ‘மருந்தில் ரசம் கலந்துள்ளது.’ கண்டதைக் கண்டபடி பதிவது அவர் தொழில். மருந்துக் கட்டுப்பாட்டுக் கந்தோரில் யாரோ அதைச் சிங்களத்துக்கு மாற்றினார்கள். சிங்களத்தில் ‘ரச’ என்றால் சுவை, பாதரசம் ‘ரசதிய’. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: மருந்துக்குச் சுவையூட்டி சேர்ப்பது குற்றமல்ல.

இரண்டாவது மனுவில் ‘பாதரசம்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். முந்திய மனுவின் கோவையிலேயே சேர்க்கப்பட்டதாக அறிவித்தார்கள். மூன்றாவதைச் சிங்களத்திலேயே எழுதி, இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேசையில் இருந்தவர் தலைப்பை மட்டும் பார்த்தார். “ஆ, அந்த டேஸ்ட் கேஸ் மாத்தயா,” என்று, சுவைப் புகார் ஐயா வந்துவிட்டார் என்கிற தொனியில், பக்கத்து மேசைக்குச் சொன்னார்.

“டேஸ்ட் கேஸ்,” என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார் சிவபாதசுந்தரம். “மனுசர் நஞ்சு தின்னுதுகள், இவங்களுக்கு டேஸ்ட்.”

கடைசிக் கடிதத்தைப் பிரித்தவர் கனகேஸ்வரி. சுவையூட்டி தொடர்பான முறைப்பாடு இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது என்று ஒரே வரி. இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“இஞ்சருங்கோ, பேனையைத் தாங்கோ.”

“நான் எழுதிறன். உமக்குக் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும். அதைப் பாத்தாவது விளங்கட்டும்.”

‘சுவையூட்டி’யைக் குறுக்கே வெட்டி, அதன் மேலே ‘பாதரசம்’ என்று எழுதினார். நாற்பது வினாடி பிடித்தது. ஐந்து எழுத்தும் ஐந்து பக்கம் சாய்ந்தன. அந்தத் தாளையே மடித்து, திருப்பி அனுப்பும்படி கணவரிடம் கொடுத்தார்.

அனுப்புமுன் சட்டைப்பைத் துண்டை எடுத்து, 38-க்குக் கீழே அவர் குறித்தார்: கடிதம் வந்த திகதி, 2024 ஓகஸ்ட் 12.