தலைகீழாக இறங்கும் மரநாய்

தீவின் துறைமுகத்தை ஒட்டிய மரைன் ஹில்லில் வியாகுலத்தைக் கித்தான்காரர் என்றுதான் சொல்வார்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறி வந்து, படகுத்துறை ஜெட்டியில் படகுப் பாயும் சரக்கு மூடும் கித்தானும் தைத்துப் பிழைத்த மனுஷன். அவர் தையல் போட்ட இடம் கிழியாது. பக்கத்துத் துணி வேண்டுமானால் கிழியும்.

அந்தக் கையை நம்பித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஒரு சர்க்கார் ஆபீஸ் அவரைக் கூப்பிட்டது. தீவில் செத்துக் கிடக்கும் பிராணிகளின் தோலைப் பாடம் செய்து, கண்காட்சி அறையில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். பொறுப்பாளர் சிவஞானம் திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் ஜெட்டி, வெயில், தினக்கூலி. வயது ஐம்பதை நெருங்குகிறவருக்கு அந்த வெயிலை நினைத்தாலே தலை சுற்றியது.

ஐந்தாம் மாதம் லாரியில் அடிபட்ட மரநாய் ஒன்று வந்தது. சாக்கை அவிழ்த்த வியாகுலம் அப்படியே நின்றுவிட்டார். இடது காது கிழிந்திருந்தது. அவர் வீட்டுப் பலாமரத்துத் திருடன்!

இரண்டு வருஷப் பகை அது. விடியும் நேரத்தில் முகம் கழுவ வெளியே வந்தால், பழுத்த பலாவைக் குடைந்து தின்றுவிட்டு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். "எறங்குடா திருட்டுப்பயலே" என்று கல்லை எடுப்பார். அதுவும் இறங்கும். அந்த அழகைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனை மரமேறினால் இறங்கும்போது பின்பக்கமாகத் தட்டுத்தடுமாறி வரும். இது தலையைக் கீழே போட்டுக்கொண்டு, படியில் இறங்குகிற மாதிரி வரும். ஒரு நாள் உற்றுப் பார்த்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. பின்னங்கால் பாதம் கணுக்காலோடு பின்னால் திரும்பிக்கொள்கிறது. நகம் மேலே பட்டையில் மாட்டிக்கொள்ள, உடம்பு முழுக்க அதில் தொங்குகிறது. உள்ளங்காலில் மயிரே இல்லை, வெறுந்தோல், வழுக்காது. கிளை மாறும்போது உடம்பு இந்தப் பக்கம் சாய்ந்தால், அந்த நீள வால் அந்தப் பக்கம் போய் நிறுத்திவிடும். அன்றைக்கு எடுத்த கல் கையிலேயே இருந்துவிட்டது. எறிய மனசு வரவில்லை.

சிவஞானம் ஒரு புத்தகத்தை விரித்து, படத்தில் இருப்பதுபோல் பலகைமேல் நாலு காலில் நிற்க வைக்கச் சொன்னார். மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். லட்சணமாக இருக்க வேண்டுமாம். வியாகுலமும் கம்பி கட்டி, தேங்காய் நார் அடைத்து நிறுத்திப் பார்த்தார். நின்றது. ஆனால் எந்த வீட்டிலோ கட்டிப்போட்ட நாயாக நின்றது. அவருக்குப் பொறுக்கவில்லை. என் மரத்தில் ராஜா மாதிரி இறங்கியதை இப்படியா வைப்பது என்று கத்திரியை எடுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று தையல் முழுவதையும் பிரித்தார்.

மரம் அறுக்கும் மில்லிலிருந்து பட்டை உரிக்காத பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்மேல் மரநாயை வயிறு படிய வைத்து, முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்பாதங்களைத் திருப்பி, ஒவ்வொரு நகத்தையும் பட்டையில் பதித்துத் தைத்தார். கண்ணுக்குத் தம் கல்யாணக் கோட்டின் இரண்டு கறுப்புப் பித்தான்கள். அதற்கு மனைவி ரீத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மேசைமேல் கிடந்த பலகையைப் பார்த்ததும் சிவஞானத்தின் முகம் சுருங்கியது.

"ரோட்டுல லாரி ஏறுன மாதிரியே படுத்துக் கிடக்கே. ஒரு நாயை நிக்க வைக்கத் தெரியாதவருக்குப் பெர்மனன்ட் வேலையா?"

வியாகுலத்துக்கு ஜெட்டி வெயில் கண்முன் வந்து போனது.

"பேருதான் சார் நாய். இது தரையில பொழைக்கிற சீவன் இல்ல. ஒரு நிமிசம் பொறுங்க."

பலகையைத் தூக்கி, மரநாயின் தலை கீழே வருகிற மாதிரி சுவரில் நிமிர்த்திச் சாய்த்தார்.

சிவஞானம் இரண்டடி பின்னால் போய் மேசையில் இடித்துக்கொண்டார். தன் மேல் பாயப் போகிறது என்று நினைத்து முகத்துக்கு நேரே கையைக் கூடத் தூக்கிவிட்டார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு மெல்லக் கிட்டே வந்து, திரும்பியிருந்த கணுக்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நெசமாவே இப்படித்தான் எறங்குமா?"

"ரெண்டு வருசம் பாத்திருக்கேன் சார்."

சிவஞானம் புத்தகத்தை மூடினார். பலகையைச் சுவரில் அடிக்கச் சுத்தியலும் ஆணியும் தேடி அவரே போனார்.

வேலை நிரந்தரமானது; கண்காட்சி அறையின் சாவி வியாகுலத்திடமே தங்கிவிட்டது. பதினோரு வருஷம், ஓய்வு பெறும் வரை, தினமும் காலையில் அவர்தான் திறப்பார். மற்ற பிராணிகளுக்கெல்லாம் தூசி மட்டும் தட்டுவார். இதன் முன்னால் மட்டும் சற்று நிற்பார்.

"எறங்குடா திருட்டுப்பயலே" என்பார். அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறப்பார்.