மேற்கே போனால் கழி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குடியாத்தம் ஆற்றங்கரையில் அறுபது பேர் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் சிநேகிதர் கவுஸ் சாயபுவின் டேனரி ஊருக்கு ஒன்றரை மைல் தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கிறது. தோல் நாற்றத்துக்குப் பயந்து ஊர் ஒதுக்கிவைத்த இடம். மசூதியின் பாங்குச் சத்தம் அங்கே எட்டாது. ஆகவே ரம்ஜான் மாதத்தில் மேஸ்திரி கரீம் பாய் கையில் கடிகாரத்தோடு நிற்பார். ரயில்வே ஸ்டேஷனில் டைம் சரிபார்த்த கடிகாரம். எதிரே சுவரில் நோன்பு நேரங்கள் அச்சடித்த ஒரு கார்டு. அதில் போட்டிருக்கும் நிமிஷத்தை முள் தொட்டதும், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் ஓர் அடி... டங்! அறுபது தொழிலாளிகளும் நோன்பு திறப்பார்கள்.

அந்தக் கார்டுக்குக் கணக்குப் போட்டவன் அடியேன்.

பத்து நாளாக மழை மூட்டம். சூரியனை யாரும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் மேகம் விலகியது. நான் வீட்டில் உட்கார முடியாத ஆசாமி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று டேனரிக்குப் போனேன். டங் என்றது. பேரீச்சம்பழங்கள் வாய்க்குப் போயின. நான் மேற்கே திரும்பினேன்.

பனைமரங்களுக்கு நடுவே, தரைக்கு ஒரு விரல் மேலே, சூரியன் இருந்தது.

கரீம் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “சார், இன்னா இது?” என்று மெதுவாகக் கேட்டார். வாயில் போட்டவர்கள் மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. அப்போதுதான் அந்த அறுபது ஜோடிக் கண்களும் என் பக்கம் திரும்பின.

என் பழைய உத்தியோகம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சர்வே ஆபீஸில் இருபது வருஷம் வரைபடம் போட்டவன். ஒரு தீர்க்கரேகையைக் கண்டால் அதன் மேலே கீழே என்னென்ன ஊர் என்று விரல் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. குடியாத்தம், அதற்குத் தெற்கே மாதனூர், இன்னும் தெற்கே மலையடிவாரத்தில் ஒடுகத்தூர் — ஏறக்குறைய ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும் ஊர்கள். நடுவில் பாலாறு ஓடினால் என்ன? மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில்தான் உச்சிவெயில். இவ்வளவு கிட்டத்தில் அஸ்தமனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதை ஒருநாள் கவுஸ் சாயபுவிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் பிடித்துக்கொண்டார். “மெட்ராஸ்லேர்ந்து வர்ற கார்டு நமக்கு சரியா வர்றதில்ல சார். நம்ம பக்கத்துக்குன்னு ஒண்ணு போட்டுக் குடுங்க. எங்க அத்தா ஞாபகமா அவர் பேர்ல அச்சடிச்சு இலவசமா குடுத்துடறேன்.”

ஒரு கோடு, ஒரு கார்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைக்கும் எங்கள் கோட்டுக்கும் ஆறு நிமிஷ வித்தியாசம். அதைச் சென்னைக் கார்டின் நேரத்தோடு கூட்ட வேண்டும்; மேற்கே இருப்பவனுக்குச் சூரியன் பிந்தித்தானே மறையும்? நான் என்ன செய்தேன்? ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே தலையில் ஏற்றிய சூத்திரம் ஒன்று உண்டு: கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. அது ஊருக்கு ஊர் தனி மணி வைத்திருந்த காலத்துச் சூத்திரம். இப்போது எல்லா ஊருக்கும் ரயில்வே டைம்தான். என் தலைக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை. கழித்துவிட்டது.

மெட்ராஸ் கார்டையே வைத்திருந்தால் ஆறு நிமிஷம் தப்பு. நான் திருத்தியதில் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. படித்தவன் கைபட்டால் இப்படித்தான்.

சாயபுவின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கூடவே ஒரு சமாதானமும் சொன்னேன் — இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “காலையிலும் பன்னிரண்டு நிமிஷம் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆக, பட்டினி கிடந்த நேரம் கொஞ்சம்கூடக் குறையவில்லை.”

அவர் கோபப்படவில்லை. “நோன்பு மணிக்கணக்கு இல்ல சார். சூரியன் கணக்கு” என்றார்.

“அப்படியானால் இந்தப் பத்து நாள்?”

“போச்சு. பெருநாள் கழிச்சு அத்தினி பேரும் பத்து நோன்பையும் திரும்பப் பிடிக்கணும்.”

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, நாள் முழுக்கத் தோல் புரட்டுகிறவர்கள் அவர்கள். ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் பத்து நாள் பொறுத்ததை நான் ஒரு கழித்தல் குறியால் அழித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கோட்டின் தெற்கேயும் கார்டுகள் போயிருக்கின்றனவே? அங்கே இருப்பவர்களுக்கு யார் சொல்வது? பதினோராவது நோன்பையாவது காப்பாற்ற வேண்டாமா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். பாலாற்றில் முழங்கால் தண்ணீர். “இறங்கி நடங்க” என்றார் பஸ்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். மாதனூரில் நான்கு கார்டுகள். ஒரு கார்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அவரைப் பிடிப்பதற்குள் மத்தியானம் சாய்ந்துவிட்டது. வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். ஒடுகத்தூர் வரை சேற்றில் மிதித்தேன். வலது தோளுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் கால் போன போக்கில் ஊர் சுற்றியிருக்கிறேன். ஒரு காரியத்துக்காக ஓடியது அன்றுதான்.

ஒடுகத்தூருக்கு வெளியே ஆவாரம்பட்டை சேர்த்துவைக்கும் கொட்டகை. டேனரிக்குப் பட்டை அனுப்புவது பாஷா என்பவர். தனி ஆள். பக்கத்தில் மசூதி கிடையாது. நான் போய் இறங்கியபோது தண்ணீர் டம்ளர் அவர் கையில் இருந்தது.

“பாய், திறக்காதீங்க. கார்டு தப்பு. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு.”

டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப சூரியன் கரெக்டுதானா சார்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“போன வெள்ளிக்கிழம இங்க மழ விட்டுச்சு. நான் திறக்கச்சொல்ல பாத்தேன், சூரியன் நிக்குது. ரயிலு லேட்டாவறதில்லியா? அதுமாதிரி இதுவும் கொஞ்சம் லேட்டுன்னு நெனச்சேன்.”

“சூரியன் எப்படி பாய் லேட்டாகும்?”

“அச்சுல போட்டிருக்குதே சார். சர்வே ஆபீஸ்காரர் போட்ட கணக்குன்னு சாயபு சொன்னாரு.”

கண்ணெதிரே இருந்த சூரியனைவிட என் கணக்கை நம்பியிருக்கிறார் மனுஷர். அவருக்குப் பக்கத்தில் பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சூரியன் மறைந்ததும் பேரீச்சம்பழத்தில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

வியாழக்கிழமை திருத்திய கணக்கோடு டேனரிக்குப் போனேன். புதுக் கார்டை என் செலவிலேயே அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.

“கார்டு வேணாம் சார்” என்றார் கவுஸ் சாயபு. “இன்னும் பத்தொன்பதோ பதினெட்டோ நோன்பு இருக்கு, பிறை சொல்லும். தினம் சாயங்காலம் நீங்களே வந்து நின்னு பாருங்க. மறைஞ்சுதுன்னு நீங்க சொன்னா கரீம் மணி அடிப்பார்.”

“என் வார்த்தையை நம்பியா?”

“உங்க கணக்க நம்பல சார். உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?”

மேகம் மூடினால் என்ன செய்வது என்று கேட்டேன். நன்றாக இருட்டும் வரைக்கும் நிற்க வேண்டியதுதான் என்றார். பெருநாளுக்குப் பிறகு அவர்கள் திரும்பப் பிடிக்கப்போகும் பத்து நாளும் எனக்கு இதே வேலை. ஓர் இடத்தில் கால் மணி நேரம் நிற்கமாட்டாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்தக் கோர்ட்டாவது கொடுத்திருக்குமா?

நிற்கிறேன். பின்னால் அறுபது பேர் பேரீச்சம்பழத்தோடு காத்திருக்கிறார்கள். கால் துறுதுறுக்கிறது. சூரியனுக்கு மட்டும் அவசரமே இல்லை.

நேற்று விளிம்பு மட்டும் மிச்சமிருந்தது. போதும் என்று வாயைத் திறக்கப் போனேன். கையில் சுத்தியலோடு நின்ற கரீம் பாய் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“கழிக்காதீங்க சார்.”