புல்லுக் கட்லட்டுக்குக் கிடைத்த ஒன்பதுகள்

1. பன்னிரண்டு தாள், பன்னிரண்டு ஆறு

அந்தத் திங்கட்கிழமை என் மேசையில் சுவைக் குழுவின் பன்னிரண்டு மதிப்பெண் தாள்கள் கிடந்தன. பன்னிரண்டிலும், எல்லா மாதிரிக்கும், ஒன்பதுக்கு ஆறு. ஒருவர் மட்டும் ஆறரை போட்டு, பிறகு அதை வெட்டி ஆறாக்கியிருந்தார்.

நான் வேலை செய்வது டென்மார்க்கில், விபோர்க் நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பரிசோதனை ஆலையில். குளோவர் என்ற தீவனச் செடி கலந்த புல்லைப் பிழிந்து, சாற்றைச் சூடாக்கினால் புரதம் பால் திரைவது போலத் திரளும். அதை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரித்து உலர்த்தினால் பச்சை நிறப் புரத மா. சக்கை மாட்டுக்குப் போகும், மிஞ்சிய சாறு பயோகாஸுக்குப் போகும். கப்பலில் வரும் சோயாவுக்குப் பதிலாகப் பக்கத்து வயல் புல்.

பன்றிகளும் கோழிகளும் இந்த மாவை முறைப்பாடு இல்லாமல் சாப்பிட்டன. மனிதருக்கு என்று வந்தபோதுதான் சிக்கல். வாயில் வைத்தால் வெட்டின புல்தரையில் முகங்குப்புற விழுந்த மாதிரி இருக்கும்.

உறைய வைத்த உணவு விற்கும் ஒரு கம்பனி, இந்த மாவில் காரமான கட்லட் ஒன்று கேட்டிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவர்கள் வருவார்கள். அதற்குள் ஒரு ரெசிப்பியைத் தேர்ந்து வைக்காவிட்டால் திட்டம் மாதக் கடைசியில் மூடப்படும். என் ஒப்பந்தமும் அதே திகதியில் முடியும்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஹென்ரிக், மேற்கு யூலன்டில் பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். தாள்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எங்கட ஆக்கள் எதுக்கும் ஆறுதான் போடுவினம். ஏழு போட்டால் பெருமையடிக்கிற மாதிரி. உனக்குக் காரம் தெரிஞ்ச சனம் இருக்குத்தானே, கூட்டிக்கொண்டு வா."

அவர் டேனிஷில் சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். என்னுடைய முதற்பிழை அதுதான். அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஹேர்னிங்கில் இருக்கும் தமிழர் முழுப்பேருக்கும் தெரிந்துவிடும்.

2. விதிகளும் அவை போன வழியும்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று காரில் எட்டுப் பேர் வந்தார்கள். ஆறு அன்ரிமார், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் சிவம் அண்ணை, அம்மா. சுவைக் குழுவுக்கான விதிகளை முதல் நாளே அனுப்பியிருந்தேன். நடந்தது இப்படி:

ஒன்று, வருவதற்கு ஒரு மணி நேரம் முன் எதுவும் சாப்பிடக் கூடாது. பவானி அன்ரி பெரிய தட்டு நிறைய உழுந்து வடையோடு இறங்கினார். "வெறுங்கையோட எப்பிடி பிள்ளை வாறது?" ஹென்ரிக் நான்கு வடை சாப்பிட்டார்.

இரண்டு, வாசனைத் திரவியம் கூடாது. பூசவில்லை. ஆனால் மூன்று பேர் மல்லிகைப்பூ வைத்திருந்தார்கள்.

மூன்று, ஒருவரோடு ஒருவர் கதைக்கக் கூடாது. அதற்காகத்தான் இருக்கைகளுக்கு நடுவில் தடுப்புப் பலகை. பலகையின் பயன் என்னவென்றால், கதைக்கும்போது குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"மலர், உங்களுக்கு என்ன நம்பர் தந்தவை?"

"417 அக்கா. உங்களுக்கு?"

"எனக்கு 283. நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

"கதையாதேங்கோ," என்றார் சிவம் அண்ணை. "பிள்ளை பார்க்குது. எனக்கும் 417 தான்."

மாதிரிகள் மூன்று, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில். 417, 283 இரண்டும் உண்மையான ரெசிப்பிகள். 652 வேண்டுமென்றே பழுதாக்கியது. மாவை அடுப்பில் கருகவிட்டு நானே செய்தேன். அதை யாராவது நல்லது என்றால் அவருடைய நாக்கை நம்பக் கூடாது என்று கண்டுபிடிப்பதற்கு.

தாள்கள் வந்தன. 417க்கு ஒன்பது. 283க்கு ஒன்பது. 652க்கும் ஒன்பது. எட்டுப் பேரும்.

கருத்துப் பெட்டியில் மலர் அன்ரி எழுதியிருந்தார்: "மிகத் திறம். கடவுள் துணை."

3. பேப்பரைத் தா

ஹென்ரிக் தாள்களைப் புரட்டினார். "இந்த ஆக்கள் என்ன, எல்லாத்தையும் விரும்பினவையா?"

"இல்லை. 652இன் மிச்சம் குப்பைக் கூடையில் இருக்கு. எட்டும் கைதுடைக்கிற தாளில் சுத்தி."

நான் திரும்பிப் போய், அமைதியாக, ஒருவர் தவறாமல் எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஏன் ஒன்பது?"

அன்ரிமார் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

"மாக்ஸ் குறைஞ்சால் உன்ர வேலை போகும் எண்டு அம்மா சொன்னவா," என்றார் பவானி அன்ரி. "அதோட நீ பொரிச்ச சாப்பாடு. அதை வாயில வைச்சுப்போட்டு நாலு, அஞ்சு எண்டு எழுத எங்களுக்கு என்ன நெஞ்சில ஈரமில்லையோ?"

"நான் பொரிக்கேல்லை அன்ரி. பொரிக்கிறது மிஷின். 417உம் 283உம் சில்க்போர்க்கில இருக்கிற ஒரு சமையல் ஆலோசகர் எழுதின ரெசிப்பி."

பலகைக்கு மேலால் பவானி அன்ரியின் தலை எழுந்தது.

"தமிழ் ஆளோ?"

"இல்லை, டேனிஷ்காரர்."

"சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையே?"

"இல்லை. எல்லாத்துக்கும் ஒன்பது போட்டால்தான் என்ர வேலை போகும். எது நல்லது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

பவானி அன்ரி கையை நீட்டினார். "இதை முதல்லயே சொல்லுறதுக்கு என்ன? பேப்பரைத் தா."

அதற்குப் பிறகு என் பேனாவால் அவர்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

"417இல வெங்காயம் பச்சையாக் கிடக்கு. வதக்கத் தெரியாதவன் ஆலோசகரோ?"

"283 பரவாயில்லை. ஆனால் பெருஞ்சீரகத்தை வறுக்காமல் போட்டிருக்கிறான், நாசமறுவான்."

"புல்லு மணக்குது எண்டால் லீக்ஸை வெட்டிப் போடு பிள்ளை. பச்சைக்குப் பச்சை. மணத்தையும் லீக்ஸின்ர தலையில கட்டிவிடலாம்."

கடைசியாகச் சொன்னவர் சிவம் அண்ணை. அந்த மாவுக்காக நாங்கள் நான்கு மாதம் மணம் நீக்கும் வழிகளைத் தேடியிருந்தோம். வெங்காயத்தாளின் தடித்த உறவான லீக்ஸோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்த 652?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதைச் செய்தவனை முதல் வேலையால நிப்பாட்டுங்கோ!" என்றார் மலர் அன்ரி.

"அது மட்டும் நான் செய்தது அன்ரி."

மலர் அன்ரி மெதுவாக வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

விதிப்படி அந்த மதிப்பெண்கள் ஒன்றும் செல்லாது. புது எண்கள் போட்டு, லீக்ஸ் சேர்த்து, பெருஞ்சீரகம் வறுத்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்தேன். எல்லாரும் வந்தார்கள், இந்த முறை பொரித்த ரோல்ஸோடு. லீக்ஸ் கட்லட்டுக்கு எட்டுகளும் ஏழுகளும், பழைய ரெசிப்பிக்கு மூன்றுகளும், கருகினதுக்கு ஒன்றுகளும் விழுந்தன. அவ்வளவு அழகான இடைவெளியை நான் அதற்கு முன் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

4. வியாழக்கிழமை

கம்பனியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். ஒரு கட்லட்டை முழுவதும் சாப்பிட்டார். ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார். "இது அவ்வளவு மோசமில்லை," என்றார்.

நான் தாள்களை அள்ளிப் பைக்குள் வைக்கத் தொடங்கினேன். ஹென்ரிக் எழுந்து அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நடைபாதையில் என்னிடம் சொன்னார்: "எங்கட ஊரில இதுக்கு மேல ஒரு சொல் இல்லை. என்ர அப்பா என்ர கலியாணத்தில கூட இவ்வளவு சொல்லேல்லை."

திட்டம் நீண்டது. என் ஒப்பந்தமும் நீண்டது.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் பட்டியல் சிறியது. மதிப்பெண்ணை வாங்கும் முன் குப்பைக் கூடையைப் பாருங்கள். குழுவின் முன் உங்கள் வேலையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். சுவையைக் கேட்பதற்கு முன், அவர்கள் உங்களுக்கு இரக்கம் காட்ட வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். எங்கள் தாளின் தலைப்பில் இன்று இரண்டு மொழியிலும் ஒரு வரி இருக்கிறது: "இதை உங்களுக்குத் தெரிந்த யாரும் சமைக்கவில்லை."

இன்னொன்றும் உண்டு. அந்தச் சனிக்கிழமை பேப்பரைத் திருப்பிக் கேட்காதவர் ஒருவர் இருந்தார். 652க்கு எதிரே அந்த ஒன்பது அப்படியே இருந்தது. அன்று பின்னேரம் காரில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

"ஏனம்மா மாத்தேல்லை?"

"கருகின மணத்திலயே தெரிஞ்சிட்டுது, அது உன்ர கைவேலை எண்டு," என்றார் அம்மா. "எப்பிடி மாத்துறது?"

ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஏழு பேர்தான் இருந்தார்கள். அம்மாவுக்கு வெளியே ஹென்ரிக்கோடு கோப்பி. பட்டியலில் கடைசி விதி அது.