சக்கில் பூசிய திருநீறு

லேத் என்ற கடைசல் மெசினில் எந்த வேலையையும் சமாளித்துவிடலாம், கம்பியில் திருகுப்புரி, அதாவது மரை, வெட்டுவதுதான் ஆளை மெலிய வைக்கும். அந்த மெசினுக்கு முன்னால் நின்று கால் கடுத்தவர்கள் ஒத்துக்கொள்வீர்கள்.

சும்மா நிற்பவன்

எழுபதுகளின் தொடக்கத்தில் கரவெட்டியில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். மரையை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. அதே தடத்தில் திரும்பத் திரும்ப உளியை ஓட்ட வேண்டும். அந்தத் தடம் எப்போது வரும் என்று காட்டும் வட்டு எங்கள் லேத்தில் இல்லை. முந்திய சொந்தக்காரர் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு லேத்தை விற்றிருக்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும். நான் கம்பியைக் கவ்விச் சுழலும் சக்கில் ஒரு கீறும், உளியை இழுக்கும் நீளத் திருகில் ஒரு கீறும் வெண்கட்டியால் போடுவேன். இரண்டும் ஒன்றாக மேலே வரும்போதுதான் உளியைத் திருகோடு கோக்கும் பிடியைப் போட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பழைய மரையின் மேல் புது மரை விழுந்து, இரண்டும் நாசம்.

பம்ப் திருத்த வந்திருந்த உடுப்பிட்டி வெங்காயத் தோட்டக்காரர், பிடியில் கை வைத்தபடி நான் காத்து நிற்பதை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, மெசின் தன்ரை பாட்டிலை சுத்துது. நீ சும்மாதானே நிக்கிறாய், தோட்டத்துக்கு வாவன், மண்வெட்டி தாறன்."

ஆயுத பூசை

பருத்தித்துறைச் சம்மாட்டியார் ஒருவர் தன் படகைத் தள்ளும் காற்றாடியின் பித்தளைத் தண்டுக்கு மரை வெட்டத் தந்திருந்தார். இறக்குமதி அடைபட்டிருந்த காலம், அதற்கு மாற்றுத் தண்டு யாழ்ப்பாணத்திலேயே இல்லை. பாதி வெட்டியிருந்தேன். "காணும், பூசைக்கு நேரமாச்சு" என்று பட்டறை முதலாளி மெசினை நிற்பாட்டிவிட்டார். பூசை வைத்தால் மறுநாள் காலைவரை தொடக்கூடாது.

மறுநாள் வந்து பார்த்தேன். முதலாளி பக்தியோடு லேத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, சக்கில் திருநீற்றை மூன்று கீறாகப் பூசி, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். என் கீறுகள் இரண்டும் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, என்ரை வெள்ளைக் கீறு எங்கை?" என்று கத்தினேன். அவர் சக்கைக் காட்டினார். "இதிலை நீ போட்டது ஒண்டு, நான் மூண்டெல்லோ போட்டிருக்கிறன், பிறகென்ன குறை?"

காற்றில் ஒரு வெட்டு

அந்த நேரம் பார்த்துச் சம்மாட்டியாரும் வந்துவிட்டார். மற்றப் படகுகள் கடலில், அவருடையது மணலில். மரை கெட்டால் அந்த நுனியை அறுத்தெறிய வேண்டும், பிறகு தண்டு படகுக்கு எட்டாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

பிடியைப் போட்டு, திருகின் தளர்ச்சி போகும்படி, உளி தண்டில் முட்டாமல் காற்றில் கொஞ்சத் தூரம் ஓடவிட்டேன். பிடியை எடுக்காமலே மெசினை நிற்பாட்டினேன். பிறகு உளியைத் தாங்கி மேலே நகரும் சின்ன வழுக்கியை மயிரளவு மயிரளவாக நகர்த்தி, உளியின் நுனியைப் பழைய தடத்துக்குள் இறக்கினேன். உட்கார்ந்தது மாதிரித்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். தடம் மாறவில்லை, பித்தளை சுருள் சுருளாக வந்தது. மீதி வெட்டும் முடிந்து சுரையை, அதாவது நட்டை, போட்டபோது கையாலேயே கடைசிவரை ஏறியது.

"பாத்தியளோ, எல்லாம் திருநீற்றின்ரை மகிமை" என்றார் முதலாளி. சம்மாட்டியார் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு என் நனைந்த சட்டையைப் பார்த்தார். "ஓம் முதலாளி, அப்ப ஏன் உவனுக்கு இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

அதன் பிறகு நான் பூசைக்கு முதல்நாள் எந்த மரையிலும் கை வைத்ததில்லை, கடவுள் மேல் சந்தேகம் இல்லை, முதலாளியின் துடைக்கும் துணிமேல்தான்.