டோரீன் ஊதிய கார்னெட்

1980இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள ஹாலிஃபாக்ஸில், எங்கள் நியூ வேவ் பாப் இசைக்குழுவுக்கு ‘செகண்ட் பஸ்’ என்று பெயர். நெவ் பாடுவான். அவன் தங்கை கேரன் சின்தசைசர், நான் டிரம்ஸ். மூவருக்கும் வேலை கிடையாது. நெவ் வீட்டு நிலவறையில்தான் ஒத்திகை.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு டோரீன் அக்ராய்ட் கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. நாற்பத்து மூன்று வயது. முந்தைய குளிர்காலத்தில்தான் கணவர் ஹாரல்டு இறந்திருந்தார். சத்தத்துக்காகத் திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

“அந்தக் கடைசிப் பாட்டு நடுவுல ஒரு ஓட்டை இருக்குடா. பாத்திரம் கழுவுறப்பகூட அதுவே காதுல நிக்குது.”

“அது ஸ்டைல், மிஸஸ் அக்ராய்ட்,” என்றான் நெவ்.

“ஸ்டைலோ என்னமோ. மழை வந்தா ஒழுகும்.”

வீட்டுக்குப் போய், டிரம்பெட் மாதிரியான சின்னப் பித்தளை ஊதுவாத்தியமான கார்னெட்டோடு திரும்பி வந்தார். சிறுமியாக இருந்தபோது இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையின் வாத்தியக்குழுவில் ஊதப் பழகியவர். ஹாரல்டு போனபின் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். நாங்கள் மறுபடி வாசித்தோம். ஓட்டை வந்த இடத்தில் அவர் ஊதினார். கேரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்து, விற்பனைப் பட்டியலில் ஏறி, எங்களை லண்டனில் தொலைக்காட்சி வரைக்கும் கொண்டுபோனது. டோரீன் சர்ச்சுக்குப் போகும் கோட்டில் வந்திருந்தார். கேரன் அவர் கண்ணைச் சுற்றி நீலச் சாயம் தீட்டினாள். கண்ணாடியைப் பார்த்து டோரீன் சொன்னார்: “ஹாரல்டு இப்ப என்னைப் பார்த்தான்னா, வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிடுவான்.”

இரண்டாவது ஆல்பத்தின்போது இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எங்கள் மூவரையும் தனியே கூப்பிட்டார். “பாட்டுல அந்தம்மா இருக்கட்டும். அட்டைப் படத்துல வேணாம். சின்னப் பொண்ணுங்க ரசிக்கிற குழுவுல அம்மா வயசுல ஒருத்தர் எதுக்கு?”

கதவு திறந்திருந்தது. நடைவழியில் நின்ற டோரீன் கேட்டுவிட்டார். உள்ளே வந்து, “அவர் சொல்றது நியாயந்தானே? நான் திரைக்குப் பின்னால நின்னு ஊதிட்டுப் போறேன். என்னால நீங்க கெட வேண்டாம், கண்ணுகளா,” என்றார்.

எதையும் விளையாட்டாகவே பேசும் நெவ் அன்று சிரிக்கவில்லை. “திரைக்குப் பின்னால நிக்கிறதுன்னா நாலு பேருமா நிப்போம்.”

அப்படியேதான் படம் எடுக்க வைத்தான். அட்டையில் ஒரு சிவப்புத் திரை. அதன் கீழே நான்கு ஜோடிச் செருப்பும் ஷூவும். ஆல்பம் விற்கவில்லை. கம்பெனி எங்களைக் கைவிட்டது. எங்கள் மூவருக்கும் ஒரு நாள்கூட அதில் வருத்தம் வந்ததில்லை.

பழைய வேன் ஒன்றில் ஐரோப்பா முழுக்கச் சுற்றினோம். பெல்ஜியத்தில், கென்ட் நகரத்து அரங்கில், பையன்களும் பெண்களும் “டோரீன்! டோரீன்!” என்று கத்தினார்கள். அவர் கார்னெட்டை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவங்களுக்கு யாருடா என் பேரைச் சொன்னது?”

அந்த அரங்கில் ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் யோசஃப். மனைவியை இழந்தவர். நிகழ்ச்சி முடிந்ததும் டோரீனுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்து கொடுத்தார். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு யார்க்‌ஷயர் ஆங்கிலம் புரியாது. இருவரும் தட்டு காலியாகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

1984இல் குழு கலைந்தது. நெவ் தபால்காரன் ஆனான், கேரன் செவிலியர் படிப்புக்குப் போனாள், நான் பஸ் ஓட்டினேன். டோரீன் இரண்டு வருடம் பள்ளிச் சமையலறையில் இருந்துவிட்டு, யோசஃபைக் கல்யாணம் செய்துகொண்டு கென்ட்டுக்கே போய்விட்டார்.

இன்றும் கோடையில் மூவரும் அவர் வீட்டுக்குப் போகிறோம். எண்பதைத் தாண்டிவிட்டார், ஊத மூச்சு இல்லை. போன தடவை நெவ் தயங்கித் தயங்கி, “நீங்க இல்லேன்னா நாங்க நிலவறையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டோம்,” என்றான்.

“சரி சரி, உருகாதே,” என்றார் டோரீன், எங்கள் ஊர் முட்டை மாவுப் பணியாரம் ஒன்றை அவன் தட்டில் வைத்தபடி. “யார்க்‌ஷயர் புட்டிங் ஆறிப்போகுது. யோசஃப், இவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.”