அக்கா நகத்துக் கோடு

எண்பதுகளின் பின்பாதியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் நகப் பராமரிப்பு படித்தேன். "நகம் வெட்டுறதுக்கு ஒரு படிப்பா லா?" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ மூக்குமேல் கோபம். சிரித்தவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். நாம் வெட்டி எறிகிற நகம் செத்தது. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், அதன் வேரில். அங்கே உருவாகிற நகம் வெளியே எட்டிப் பார்க்கவே சில வாரம் ஆகும், நுனிக்கு வந்து சேர ஆறு மாதம்போல் ஆகும். நகச்சுத்தி வந்து சீழ் கட்டிய விரலில் நாங்கள் கை வைக்கக் கூடாது. பாட்டி வைத்தியமாக அந்த விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்து நின்றாலும் டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். அம்மா தலையாட்டிக்கொண்டே கொட்டாவி விடுவார்.

பொங்கல் முடிந்த வாரம் பரீட்சை. ஆளுக்கொரு மாடலை அழைத்துவர வேண்டும், அவர் கையை வைத்துத்தான் கேள்விகள். எனக்கு வரவேண்டிய தோழி முதல்நாள் சாயங்காலம் கையை விரித்துவிட்டாள். மாடல் இல்லையென்றால் பரீட்சை இல்லை, அடுத்த தடவைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நான் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா சத்தமில்லாமல் அக்காவுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

அக்காவோடு நான் தீபாவளியிலிருந்து பேசுவதில்லை. அவளுக்குக் கிள்ளானில் தொழிற்சாலை வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். தீபாவளிக்கு முதல்நாள் ஃபோன் செய்து, "ஓவர்டைம் போட்டுட்டாங்க, வரமுடியாது, அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். பத்து விரலிலும் மருதாணித் தொப்பியோடு ரிசீவரை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன்.

"வருஷத்துக்கு ஒரு தீபாவளி, உனக்கு ஓவர்டைம்தான் பெருசா? வராத. பொங்கலுக்கும் வராத!"

டொக்கென்று வைத்துவிட்டேன். பொங்கலுக்கு அவள் வரவே இல்லை.

பரீட்சையன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து மாடிப்படியில் நின்றாள். நகங்களில் அழுத்தமான சிவப்புப் பாலிஷ். ஆள் சற்று இளைத்திருந்தாள். "சாப்பிட்டியாடி?" என்றாள். கையை வை என்பதற்குக்கூட மேசையைத் தட்டித்தான் காட்டினேன். அவள் கை எனக்கு வேண்டும், அவள் வேண்டாம். அவ்வளவு வீம்பு எனக்கு.

பரீட்சை வைத்தவர் ஒரு சீன அம்மா. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் பாலிஷைத் துடைத்து எடுத்ததும், அக்காவின் மோதிர விரலில் இருந்த ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சின்ன வயதில் கொக்கு பறந்தால் நகத்தோடு நகம் உரசி அதனிடம் பூக் கேட்போம். அப்படிப் பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்று நம்பிக்கை. பயத்தில் படித்ததெல்லாம் பறந்துபோய், "ஃபிளவர், மேடம். நியூ டிரஸ் கமிங்" என்றேன்.

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மேசைக்கு அடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, வேரில் எங்கோ இடிபட்ட அடையாளம், தானே வளர்ந்து போய்விடும் என்று சரியான பதிலைச் சொன்னேன்.

அந்த அம்மா விடவில்லை. அக்காவின் கட்டைவிரல் நகத்தில் தன் விரலை ஓட்டி, என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். குறுக்கே ஒரு பள்ளம். அடுத்த விரலிலும் இருந்தது. பத்து விரலிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் கோடு கிழித்ததுபோல் ஓடியது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம். ஒரு விரலில் மட்டும் இருந்தால் கதவிடுக்கில் நசுங்கியிருக்கும். பத்திலும் இருந்தால் உடம்புக்கே பெரிதாக ஏதோ வந்திருக்கிறது, கடுமையான காய்ச்சல்போல, அதில் வேர் வேலையை நிறுத்தியிருக்கிறது. கடகடவென்று ஒப்பித்தேன்.

"எப்போது?" என்று கேட்டார்.

அளந்து பார்க்க என் நகத்தையே அக்கா நகத்தின் பக்கத்தில் வைத்தேன். என் தீபாவளி மருதாணி வளர்ந்து வளர்ந்து நுனிப் பக்கம் போயிருந்தது. அக்காவின் பள்ளம் அதைவிடக் கீழே, வேர்ப் பக்கமாக இருந்தது. மருதாணி வெளியே தெரிகிற நகத்தில் பிடிப்பது. பள்ளமோ தோலுக்கு உள்ளே விழுந்து, சில வாரம் கழித்து வெளியே வருவது. அந்தச் சில வாரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒரே சமயம். கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் உரக்கச் சொன்னேன்.

"தீபாவளி, மேடம்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அந்த அம்மா தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பாலிஷ் போட வேண்டும். இரண்டு தடவை தோலில் பூசிவிட்டேன்.

கீழே இறங்கி வந்ததும் நான்தான் முதலில் பேசினேன். "அக்கா, என்னா ஆச்சு உனக்கு?"

"டெங்கி. பத்து நாள் ஆஸ்பத்திரில கிடந்தேன். நல்ல நாளும் அதுவுமா நீங்க எல்லாம் அங்க வந்து அழுதுகிட்டு உக்காரணுமா? அதான் ஓவர்டைம்னு சொன்னேன்."

"அப்போ அந்த ஃபோன்?"

"வார்டுக்கு வெளிய ஒரு ஃபோன் இருந்துச்சு. ஒரு கையில ட்ரிப் பாட்டில தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுனேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, காலையில் நான் மிதித்த காலை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். "நீ டொக்குனு வச்சதும் நல்லதாப் போச்சுடி. அதுக்குமேல என்னால நிக்க முடியல."